பழைய டிஸ்கில் இருந்த வாசல்

ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டுக் காலையில் வீடு திரும்புகிறவர்களுக்குப் பகல் ஒரு மாதிரியாகத்தான் தெரியும். வெயில் இருக்கும், சுடாது. எதிரே வருகிற ஆளின் வாய் அசையும், வார்த்தை சற்றுப் பிந்தி வந்து சேரும். அக்காவுக்குப் பன்னிரண்டு வருஷமாக இந்தப் பகல்தான் வழக்கம். மூன்று ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு அனுப்புகிற பெரிய சலவை நிலையத்தில் அவள் ராத்திரி ஷிப்டின் பொறுப்பாளர். இரவு ஒன்பதுக்கு உள்ளே போனால் காலை ஆறுக்குத்தான் வெளியே வருவாள். நீராவியில் நின்று நின்று அக்காவின் கண்ணுக்குள்ளேயே நீராவி குடியேறிவிட்டது என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி பேசுவார்கள். அதில் பாதி உண்மையும் கூட.

அந்தப் புதன்கிழமை அவள் மூன்றாவது மாடி ஏறி வந்தபோது, தங்கை வாசலில் ஒரு காலில் செருப்பும் மறு காலில் ஒன்றும் இல்லாமலும் நின்றுகொண்டிருந்தாள். இருவரும் ஒரே வீட்டில் இருந்தாலும் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் இந்த வாசலில்தான். ஒருத்தி உள்ளே வரும்போது இன்னொருத்தி வெளியே போவாள். நடுவில் ஐந்து நிமிஷம் கிடைத்தால் பெரிய விஷயம்.

அன்று தங்கைக்குச் சொல்ல நிறைய இருந்தது. மாலை நாலு மணிக்கு நேர்காணல். கடல் தாண்டி, வருஷத்தில் பாதி பனி மூடிக் கிடக்கிற ஓர் ஊரில், உலகத்தின் விதைகளையெல்லாம் குளிர் அறைகளில் சேர்த்து வைத்திருக்கிற காப்பகம் ஒன்று இருக்கிறது. அங்கே ஓர் இடம் காலி. தங்கை இங்கே ஒரு விதைப் பரிசோதனைக் கூடத்தில் நுண்ணோக்கிக்குள் கண்ணை வைத்தபடி மூன்று வருஷம் ஓட்டியவள். நாலாயிரம் விதைகளின் படம் எடுத்து வைத்திருக்கிறாள். எந்த விதையைக் காட்டினாலும் அதன் குலம் கோத்திரம் சொல்லிவிடுவாள். அந்த ஊர்க்காரர்கள் நாலு மணிக்கு லேப்டாப்பில் முகம் பார்த்துப் பேசுவார்கள். பேச்சோடு ஒரு பரீட்சையும் உண்டு. அதற்கான மென்பொருளைத் திங்கட்கிழமையே அனுப்பி, இந்த ஒரு லேப்டாப்பின் பேரில் மட்டும் பதிவு செய்துவிட்டார்கள். வேறு மெஷினில் திறந்தால் அது திறக்காது. கைபேசியைக் கிட்டேயே சேர்க்காது.

இதையெல்லாம் ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியிருந்தாள். மூன்றாம் முறை சொல்லி முடித்து, மறு செருப்பைத் தேடிக்கொண்டே இன்னொன்றையும் சொன்னாள்.

"அக்கா, அந்தப் பழைய டிஸ்க் டிக் டிக்னு அடிச்சுக்குது. மைக்ல நல்லாக் கேக்குது. கழட்டிடறியா?"

"அதுக்கென்ன, பத்து நிமிஷ வேலை. நீ போ."

உலகத்தில் பத்து நிமிஷ வேலை என்று பேர் வாங்கிய எதுவும் பத்து நிமிஷத்தில் முடிந்ததில்லை. இருந்தாலும் மனுஷ ஜாதி அந்தப் பேரை விடுவதாக இல்லை.

அந்த லேப்டாப்பில் இரண்டு டிஸ்க் இருந்தன. பழையது உள்ளங்கை அளவு, சுழல்கிற ரகம், சாகக் கிடந்தது. புதியது பென்சில் டப்பாவில் வைக்கிற அழிப்பான் அளவுகூட இல்லை, சத்தமே போடாது. ஞாயிற்றுக்கிழமை அக்காதான் அதை வாங்கி வந்து, அடிப்பக்கத் திருகாணிகளைக் கழற்றி, இருந்த காலி இடத்தில் செருகி, பென் டிரைவிலிருந்து புதிதாக ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டாள். சலவை மெஷின்களுக்கெல்லாம் இப்போது கணினி மூளைதான். ராத்திரி மூன்று மணிக்கு அவற்றில் ஒன்று மக்கர் பண்ணினால் யாரையும் எழுப்ப முடியாது. அப்படித்தான் அவளே கற்றுக்கொண்டாள். போட்ட பிறகு லேப்டாப் பறந்தது. படங்களையெல்லாம் புதியதற்கு மாற்றிவிட்டு, தங்கை மூன்று நாளாக அதைக் கொஞ்சாத குறைதான்.

ஆகவே புதன்கிழமை காலை, முகம் கழுவி, ஒரு டம்ளர் காபியை வைத்துக்கொண்டு அவள் மேஜையில் உட்கார்ந்தாள். லேப்டாப்பைக் கவிழ்த்து, பழைய டிஸ்கை உருவி வெளியே வைத்தாள். மூடியைப் போட்டாள். நிமிர்த்தி, பொத்தானை அழுத்தினாள்.

திரை கறுப்பாக வந்தது. கறுப்பின் நடுவே வெள்ளையில் ஒரே ஒரு வரி. பூட் செய்ய எந்த டிஸ்கும் இல்லை, ஏதாவது ஒன்றைச் செருகிவிட்டு ஏதாவது ஒரு விசையை அழுத்தவும்.

ஏதாவது ஒரு விசையை அழுத்தினாள். அதே வரி மறுபடியும் கீழே வந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள், அதே. மூடியைக் கழற்றிப் புது டிஸ்கை ஒரு முறை எடுத்து ஊதிச் செருகினாள். லேப்டாப்பின் அமைப்புப் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தால் அங்கே புது டிஸ்க் பேரோடு அளவோடு சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. இருக்கிறது, ஆனால் இல்லை. பென் டிரைவைச் செருகி, தானாகச் சரிசெய் என்று கொடுத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் யோசிப்பதுபோலச் சுற்றிவிட்டு, முடியவில்லை என்று கையை விரித்துவிட்டது.

மணி எட்டரை. வயிற்றில் புளியைக் கரைத்திருக்க வேண்டும். கரைக்கவில்லை என்பதுதான் விஷயம். அந்தக் கறுப்புத் திரையின் முன்னால் அவளுக்கு முதலில் வந்தது ஒரு நிம்மதி. தோளிலிருந்து ஈரத்துணி மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி. லேப்டாப் ஓடாது, நேர்காணல் நடக்காது, இவள் போக மாட்டாள். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல், மனதில் வந்து உட்கார்ந்தன. உட்கார்ந்த பிறகுதான் என்ன நினைத்தோம் என்று அவளுக்கே உறைத்தது. சீ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள்.

நல்லவள்தான். இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. அம்மா போனபோது தங்கைக்குப் பதின்மூன்று வயது, இவளுக்கு இருபத்து நாலு. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். பகல் ஷிப்டில் இருந்தவள் தானே போய்க் கேட்டு ராத்திரி ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டாள். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. கல்யாணப் பேச்சு எடுத்த சித்தி ஒருத்தியை இரண்டே வாக்கியத்தில் வழியனுப்பி வைத்தாள். அதற்குப் பிறகு அந்தச் சித்தி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் தன் பங்குக்குக் குறை வைத்ததாக அவளுக்குத் தோன்றியதே இல்லை. இப்போது ஒரு கறுப்புத் திரை அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஐந்து நிமிஷம் கண்ணை மூடினால் தலை தெளியும் என்று சோபாவில் சாய்ந்தாள். ராத்திரி வேலைக்காரர்களின் ஐந்து நிமிஷத்தைப் பற்றிப் பேசாமலிருப்பதே மரியாதை.

கனவில் சலவை நிலையம் வந்தது, ஆனால் ஆளில்லை. பாய்லர் மட்டும் எங்கேயோ மெதுவாக உறுமிக்கொண்டிருந்தது. சூடான வெள்ளை விரிப்பு ஒன்றின் இரண்டு முனைகளை அவள் பிடித்திருக்கிறாள், எதிர் முனைகளைத் தங்கை பிடித்திருக்கிறாள். தினமும் ஆயிரம் விரிப்பு இப்படி மடிப்பதுதான். இரண்டு பேரும் நெருங்கி வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஆனால் தங்கை நெருங்கி வராமல் பின்னாலேயே நடக்கிறாள். விரிப்பு கிழியவில்லை, நீண்டுகொண்டே போகிறது. மேஜைகளைத் தாண்டி, கதவைத் தாண்டி, தெருவுக்கு வந்து, தெருவெல்லாம் வெள்ளையாகி, வெள்ளைக்கு அந்தப் பக்கம் தங்கை ஒரு புள்ளியாகத் தெரிந்தாள். துணி இன்னும் கதகதப்பாகத்தான் இருந்தது. விடட்டுமா என்று அங்கிருந்து கேட்டாள். அந்தக் குரல் காதருகில் ஒலித்தது. பதில் சொல்ல இவள் வாயைத் திறந்தாள், வாயிலிருந்து நீராவிதான் வந்தது.

கைபேசி அடித்து எழுந்தாள். மேஜை மேல் காபி ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. வெயில் சன்னலின் அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரத்துக்கு வந்திருந்தது. மணி ஒன்று நாற்பது. அழைத்தது தங்கை. அரை நாள் விடுப்பு எடுத்துக் கிளம்பிவிட்டாளாம், வழியில் சட்டையை இஸ்திரிக் கடையிலிருந்து வாங்கிக்கொண்டு மூன்றுக்குள் வந்துவிடுவாளாம். சலவை நிலையத்துப் பொறுப்பாளரின் தங்கை சட்டையைக் கடையில் கொடுத்து இஸ்திரி போடுகிறாள் என்பதை அக்கா எத்தனையோ முறை கிண்டலடித்திருக்கிறாள். இன்று வாய் வரவில்லை.

"மெஷின் ரெடியா?" என்று தங்கை கேட்டாள்.

"ரெடி" என்றாள் அக்கா.

போனை வைத்த பிறகுதான் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பொய் சொல்லியாகிவிட்டது, இனி அதை உண்மையாக்க ஒன்றேகால் மணி நேரம். அவள் ஃபியூஸை அழைத்தாள்.

ஃபியூஸ் சலவை நிலையத்தின் எலக்ட்ரீஷியன். அவர் தொட்டால் முதலில் எரிவது ஃபியூஸ்தான் என்பதால் வந்த பட்டப்பெயர். ஆனால் பிறகு எல்லாம் சரியாகிவிடும். அவர் நடந்ததையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"புதுசுல சிஸ்டம் போடும்போது பழைய டிஸ்கைக் கழட்டி வச்சீங்களா, உள்ளயே இருந்துச்சா?"

"உள்ளயேதான். புதுசு ஓடுதான்னு பாக்காம பழசை எப்படிக் கழட்டுவேன்?"

ஃபியூஸ் சிரித்தார். நம்ம இடத்து ஆள்தானே நீங்க என்றார். அவர் சிரித்ததில் நியாயம் இருந்தது. சலவை நிலையத்தில் ஒரு பம்பை மாற்றினாலும் பாய்லரை மாற்றினாலும் சட்டம் ஒன்றுதான். புதியது முழுச் சுமையையும் தாங்கி ஓடுகிற வரைக்கும் பழையதன் இணைப்பைத் தொடக்கூடாது. தொட்டால் ஆஸ்பத்திரிக்கு விரிப்பு போகாது. பன்னிரண்டு வருஷம் அதை மந்திரமாகச் சொல்லி மற்றவர்களைத் திட்டியவள் அவள்தான். அதே புத்தியோடு வீட்டிலும் பழைய டிஸ்கை உள்ளேயே விட்டுவிட்டு வேலை செய்தாள். டிஸ்க் விவகாரத்தில் அந்தச் சட்டம் தலைகீழ் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

ஃபியூஸ் சொன்னார். கணினி விழித்ததும் முதலில் ஒரு சின்ன இடத்தைத் தேடும். எதை எழுப்ப வேண்டும், அது எங்கே படுத்திருக்கிறது என்பதெல்லாம் அந்த இடத்தில் எழுதியிருக்கும். அதுதான் வாசல். புது டிஸ்கில் சிஸ்டம் போடும்போது பழையதும் உள்ளே இருந்தால், இன்ஸ்டாலர் ஏற்கெனவே அங்கே ஒரு வாசல் இருப்பதைப் பார்க்கும். இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று தன் விலாசச் சீட்டையும் அங்கேயே எழுதி வைத்துவிடும். வீடு முழுக்கப் புது டிஸ்கில், வாசல் மட்டும் பழையதில். மூன்று நாளாக லேப்டாப் பழைய வாசல் வழியாக நுழைந்துதான் புது வீட்டில் குடியிருந்திருக்கிறது. வாசலை உருவி மேஜை மேல் வைத்துவிட்டு, ஏன் திறக்கவில்லை என்று கேட்டால் அது என்ன செய்யும்?

இரண்டு வழி சொன்னார். ஒன்று, பழையதை மறுபடி செருகிவிடுவது. உடனே ஓடும். ஆனால் அந்த டிஸ்க் அடிக்கிற டிக் டிக்கைப் பார்த்தால் எந்த நிமிஷம் போகும் என்று சொல்ல முடியாது. சாகும்போது சும்மா சாகாது, கூட இருப்பதையும் உறைய வைத்துவிட்டுத்தான் சாகும். இன்னொன்று, பழையதை வெளியிலேயே வைத்துவிட்டு, புது டிஸ்கிலேயே ஓரமாகக் கொஞ்சம் இடம் ஒதுக்கி, வாசலை அங்கே புதிதாகக் கட்டுவது. ஆறேழு கட்டளை. வரிசை மாறினால் வீடே போய்விடும். வரிகளை எழுதி அனுப்புகிறேன், பார்த்து அடியுங்கள் என்றார்.

அவள் முதல் வழியைத்தான் முதலில் செய்தாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். பழைய டிஸ்கைச் செருகிப் பொத்தானை அழுத்தியதும், டிக், டிக் என்று அது கனைத்துக்கொண்டு எழுந்தது. திரையில் வெளிச்சம் வந்தது. தங்கை வைத்திருந்த படம் வந்தது. ஏதோ ஒரு விதையின் குறுக்குவெட்டு, பொன்னிறமாக, உள்ளே அறை அறையாக. மதிய வெயிலில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே அவள் உட்கார்ந்திருந்தாள். பார்க்கப் பார்க்க அந்த அறைகளில் ஏதோ ஒன்றில் தானும் தங்கையும் உட்கார்ந்திருப்பது போலவும், வெளியே எங்கேயும் கதவு இல்லாதது போலவும் இருந்தது. அப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

மணி இரண்டு பத்து. லேப்டாப் ஓடுகிறது. சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. டிக் டிக் சத்தம் ஏன் போகவில்லை என்று தங்கை கேட்டால், கழற்றினால் ஓடவில்லை என்று நடந்ததையே சொல்லலாம். நடுவில் டிஸ்க் போய்விட்டால்? போனால் போனது. பழைய டிஸ்க், ஆயுசு அவ்வளவுதான். யாரும் அவளை ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாது. தங்கை அழுவாள், அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுப்பாள், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்பாள். அந்த அடுத்த வருஷம் அவளுக்கு இப்போதே இனிப்பாக இருந்தது. எதையும் செய்ய வேண்டியதில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும்.

உட்கார்ந்திருந்தாள். டிஸ்க் அடித்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பால்கனியில் காய்ந்த துணி ஒன்று காற்றே இல்லாமல் அசைந்தது.

அவளை எழுப்பியது பாசமோ தர்மமோ என்று பெரிதாகச் சொல்ல ஆசைதான். நடந்தது அதைவிடச் சின்ன விஷயம். சலவை நிலையத்தில் மன்னிக்கவே மாட்டார்கள் என்று ஒரு தப்பு உண்டு. கோளாறை ஒப்புக்கு ஒட்டுப்போட்டு, ஓடுகிறது என்று சொல்லி, அடுத்த ஷிப்டின் தலையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவது. அப்படிச் செய்தவளோடு ஒரு மாசம் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ஒரு முறை இஸ்திரி மெஷினின் ரோலர் பெல்ட்டில் ஒட்டுப்போட்டுவிட்டுப் போனவளை, வாசல் வரை போனவளை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சரிசெய்ய வைத்தவள் இதே அக்காதான். இப்போது தன் கையையே பார்த்தாள். நீராவி பட்டு வெளுத்துப்போன விரல் நுனிகள். அடுத்த ஷிப்டுக்காரி தன் சொந்தத் தங்கை, இஸ்திரிக் கடையில் சட்டைக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறாள்.

லேப்டாப்பை அணைத்தாள். பழைய டிஸ்கை இரண்டாம் முறையாக உருவி, இந்தத் தடவை மேஜையில் வைக்காமல் எழுந்து போய்ச் சமையலறை அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டு வந்தாள். கைக்கு எட்டினால் மனசும் எட்டும் என்று அவளுக்குப் பயம்.

பென் டிரைவ் வழியாகத் திறந்து, ஃபியூஸ் சொன்ன விசைகளை அழுத்தியதும் கறுப்புக் கட்டளைத் திரை வந்தது. கைபேசியில் அவர் அனுப்பிய வரிகள். தூக்கம் கெட்ட கண்ணுக்கு எழுத்துகள் மெல்ல நீந்தின. ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு, வாய்விட்டுப் படித்து, அப்புறம் அடித்தாள். டிஸ்கைத் தேர்ந்தெடு. அதில் சிஸ்டம் இருக்கிற பகுதியைத் தேர்ந்தெடு. அதிலிருந்து கொஞ்சமே கொஞ்சம் சுருக்கு. கணினி சுருக்கியது. விரிப்பின் ஓரத்தை விரலளவு உள்ளே மடித்த மாதிரிதான், வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான்காவது வரிக்கு முன்னால் ஃபியூஸ் மூன்று நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தார். முதலில் புதுப் பகுதியை உருவாக்கு, அதற்கப்புறம்தான் எல்லாவற்றையும் அழித்துத் துடைக்கிற ஃபார்மட் கட்டளை. இந்த இரண்டும் இடம் மாறினால் ஃபார்மட் ஆவது புது மூலை அல்ல, மொத்த வீடும். சிஸ்டம், பரீட்சை மென்பொருள், நாலாயிரம் விதை, எல்லாம். அவள் விரல் விசையின் மேல் நின்றது. இரண்டாவது வாய்ப்பு வந்து வாசலில் நிற்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. ஒரு வரி மாறிவிட்டது, கண் சொருகிவிட்டது என்றால் யார்தான் நம்ப மாட்டார்கள்? அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்து தலையையே நீட்டினாள். தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து உட்கார்ந்து, உருவாக்கு என்பதை அடித்தாள். பிறகு ஃபார்மட் என்பதை அடித்தாள். பிறகு கடைசி வரி, சிஸ்டம் எங்கே படுத்திருக்கிறது என்று புது வாசலில் சீட்டு எழுதி வைக்கிற வரி.

பூட் கோப்புகள் உருவாக்கப்பட்டன என்று வந்தது. பென் டிரைவை எடுத்துவிட்டு லேப்டாப்பை மறுபடி போட்டாள். கறுப்பு. கறுப்பு நீண்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லாமல், பொன்னிற விதை வந்து நின்றது. எந்தத் துணையும் இல்லாமல் அது தானே எழுந்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது, இரண்டில் எதற்கும் நேரமில்லை.

தங்கை மூன்றுக்கு வந்தாள். அக்காவின் ஈரத்தலையைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்க வாயெடுத்து, நேரமாகிவிட்டதால் விட்டுவிட்டாள். பரீட்சை மென்பொருளைத் திறந்து பார்த்தாள், திறந்தது. டிக் டிக் எங்கே என்று காதை லேப்டாப்பில் வைத்துக் கேட்டாள். சின்ன வயசில் சிரித்த மாதிரியே சிரித்தாள். நீ போய்த் தூங்கு, ராத்திரி வேலை இருக்கு என்று அக்காவைத் தோளைப் பிடித்து அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

அக்கா படுத்தாள். அந்த வீட்டுச் சுவர்கள் பேருக்குத்தான் சுவர்கள். இந்தப் பக்கம் படுத்தால் அந்தப் பக்கம் நாற்காலி நகர்வது கூடக் கேட்கும். நாலு மணிக்கு வணக்கம் சொன்னார்கள். பேச்சு ஆங்கிலத்தில்தான், அக்காவுக்கும் புரிகிற அளவுக்கு நிதானமான ஆங்கிலம். ஒரு பெண், இரண்டு ஆண்கள். படம் படமாகக் காட்டினார்கள், தங்கை பேர் சொன்னாள். ஒன்றில் மட்டும் தயங்கி, தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, எது இல்லை என்பதை மட்டும் சொல்ல முடியும் என்றாள். அவர்களுக்கு அது பிடித்திருந்தது போல, சிரித்தார்கள். குரல்கள் எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல அக்காவின் காதில் விழுந்தன. கண் சொருகியது. அந்த நேரம் பார்த்து அந்தப் பெண் கடைசியாக ஒன்று கேட்டாள். குளிர்காலத்தில் நாலு மாசம் காப்பகத்தில் ஆள் நடமாட்டமே இருக்காது. பெரும்பாலும் ஒருவரே இருக்க வேண்டியிருக்கும். தனியாக இருந்து பழக்கம் உண்டா?

அக்கா கண்ணைத் திறந்தாள். இல்லை என்றுதான் தங்கை சொல்லப்போகிறாள் என்று நினைத்தாள். அக்கா எப்போதும் கூட இருந்தாள் என்று சொல்வாள். அதனால் வேலை போய்விடுமோ என்று ஒரு கணம் அவளுக்குப் பதற்றமாகக்கூட இருந்தது.

"இருக்கு" என்றாள் தங்கை. "எங்க அக்காவுக்கு ராத்திரி வேலை. பகல்ல அவங்க தூங்கணும், நான் சத்தம் போடக்கூடாது. ராத்திரி அவங்க வீட்டுல இருக்க மாட்டாங்க. பதிமூணு வயசுலேர்ந்து அப்படித்தான். தனியா இருக்கிறது எனக்குப் புதுசு இல்ல."

குறையாகச் சொல்லவில்லை. விதையின் பேரைச் சொன்ன அதே குரலில் சொன்னாள். அந்தப் பெண் நன்றி என்றாள். ஆறு வாரத்தில் வந்து சேர முடியுமா என்று கேட்டாள். முடியும் என்று தங்கை சொன்னாள்.

அக்கா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தாள். பூட்டவில்லைதான். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை, பையை ஓசைப்படாமல் இறக்கி வைத்து, தட்டை ஓசைப்படாமல் எடுத்துச் சாப்பிட்டு, பரீட்சையில் முதலாவது வந்ததைச் சொல்ல ஆளில்லாமல் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. அது இவளுக்கு ஒரு முறைகூடத் தோன்றவில்லை.

அறைக் கதவு ஒரு கையளவு திறந்தது. தங்கை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மெல்லச் சாத்தப் போனாள்.

"உள்ள வா. நான் தூங்கல."

தங்கை வந்து கட்டிலின் ஓரத்தில், கட்டில் கிறீச்சிடாத இடம் பார்த்து உட்கார்ந்தாள். அந்த இடம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் கேட்டுவிட்டது என்று புரிந்துகொண்டாள்.

"அவங்க கேட்டாங்க, உள்ளதைச் சொன்னேன். உன்னைக் குத்தம் சொல்லல அக்கா."

"தெரியும்" என்றாள் அக்கா. "ஒரு நாளாவது என்னை எழுப்பியிருக்கலாம்ல?"

"எழுப்பினா நீ எந்திரிச்சிருப்பே" என்றாள் தங்கை. "அதான் எழுப்பல."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். கட்டில் பெரிதாகக் கிறீச்சிட்டது. கைபேசியை எடுத்துச் சலவை நிலையத்துக்கு அழைத்து, இன்று ராத்திரி வரமாட்டேன் என்றாள். உடம்புக்கு என்ன என்று அந்தப் பக்கம் பதறினார்கள், பன்னிரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. உடம்புக்கு ஒன்றுமில்லை, தங்கை வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.